நெய் மட்டும்தாங்க

பால் எனக்கு ஆகாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு, இது உண்மைதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள என் கணவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அவரும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத் தலையை ஆட்டுவார். எனக்கு அங்கேயே கோபம் வந்துவிடும்.

பிடிக்காது என்று நான் சொல்லவில்லை, ஆகாது என்கிறேன். சின்ன வயதில் பால் பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். நான் வளர்ந்தேன், அதுவும் கூடவே வளர்ந்தது. ஒருமுறை அலுவலகத் தோழி வீட்டுப் புதுமனை புகுவிழாவில், "ஒரு விள்ளல் என்ன பண்ணிடும்?" என்று அவள் மாமியார் என் வாயில் இனிப்பைத் திணித்தார். உதடு பூரி மாதிரி உப்பியது, தொண்டை அடைத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், மூச்சு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் வாயை மூடிக்கொள்வேன். சாப்பிடுவதற்கு மட்டும்தான், பேசுவதற்கு இல்லை.

சென்னையில் என் வீட்டில் இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வெளியூர் கிளம்பினால்தான் பாடு. நம் ஆட்களுக்குப் பால் என்றால் டம்ளரில் வெள்ளையாக இருப்பது மட்டும்தான். நெய் வேறு, மோர் வேறு. "பால் சேர்த்தது வேண்டாம்" என்று சொன்னால், "ஐயோ, ஒரு சொட்டு கிடையாதுங்க" என்று சத்தியம் செய்துவிட்டு, நெய் வழியும் பொங்கலைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் நான் ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், கோவா. எந்த ஊர் ஹோட்டலில் உட்கார்ந்தாலும் மூச்சு விடாமல் அதைச் சொல்வேன். பரிமாறுபவர் நான் ஆர்டர் கொடுக்கிறேன் என்று நினைத்து எழுதிக்கொண்டதும் உண்டு.

சென்ற தை மாதம் நாங்கள் திருச்சிக்குப் போனது சாதாரணப் பயணம் இல்லை. என் மகள் துவாக்குடியில் படித்தபோது கூடப் படித்த பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனைச் சென்னையில் பார்த்துப் பேசினோம். எங்களுக்கும் பிடித்துவிட்டது. அவன் வீடு திருவெறும்பூரில். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பூர்வீகம் லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்தப் பக்கமிருந்து பெரியப்பா வருகிறார், அவர் சொன்னால்தான் எதுவும் முடிவாகும் என்று பையனே சொல்லியிருந்தான். அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. முறைப்படி நாங்கள் இரண்டு பேரும் போய் வீடு பார்த்துவிட்டு வர வேண்டும்.

வீடு பார்ப்பதில் ஒன்றுமில்லை. சாப்பிடுவதில்தான் எல்லாம். பெண் வீட்டுக்காரர்களுக்கு இடம் பிடித்திருந்தால் அங்கே கை நனைப்பார்கள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, "போயிட்டு தகவல் சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாவிட்டால் இல்லை.

கிளம்பும்போது எழும்பூர் ஸ்டேஷனில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எப்படியாவது ஒரு வாய் சாப்பிட்டுடும்மா." சொன்ன வேகத்தில் முகம் மாறிவிட்டது. "இல்ல, வேண்டாம். நீ சாப்பிடாத. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு எந்தக் கல்யாணமும் வேண்டாம்."

"பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அம்மாவுக்குப் பால் ஆகாதுன்னு அவன் அவங்க வீட்டுல சொல்லிட்டான்."

பாட்டை முழுசாகச் சொன்னாயா என்று கேட்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

நல்ல காரியத்துக்குப் போகிறோம், முதலில் பெருமாளைப் பார்த்துவிடுவோம் என்று என் கணவர் ஸ்ரீரங்கத்தில் இறங்கினார். லாட்ஜில் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போகும் தெருவிலேயே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். நான் என் பாட்டை எடுத்துவிட்டேன். பரிமாற வந்தவர் பொறுமையாக முழுவதும் கேட்டார்.

"அப்ப பொங்கல் சாப்பிடுங்கம்மா. பால் கிடையாது."

"நெய்?"

"நெய் மட்டும்தாங்க."

என் கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இட்லி, மிளகாய்ப்பொடி, பொடிக்கு நெய் இல்லாமல் நல்லெண்ணெய் என்று கேட்டேன். கிண்ணத்தை நான் முகர்ந்து பார்த்ததை அடுத்த மேசைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கட்டும். என் தொண்டைக்கு அவரா பொறுப்பு? நான்கு இட்லியைத் திருப்தியாகச் சாப்பிட்டேன். வெளியூரில் வயிறு நிறைவது எனக்குச் சின்னச் சங்கதி இல்லை.

தரிசனம் முடிந்து பிரசாதம் விற்கும் இடத்தில் என் கணவர் அக்காரவடிசில் வாங்கினார். தொன்னையின் விளிம்பில் நெய் பளபளத்தது. அங்கே இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "தேவரீருக்கு?" என்றார். நெய் இல்லாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"பெருமாள் தளிகைன்னா நெய் இல்லாம எப்படிம்மா?"

கோபித்துக்கொள்ள முடியவில்லை, அவர் கேட்டது நியாயம்தான். சந்நிதியில் கொடுத்த தீர்த்தமும் துளசியும் எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெருமாளும் என்னிடம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் அப்படிச் சும்மா இருப்பார்களா என்பதுதான் என் கவலை.

திருவெறும்பூர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இங்க பாரு, ஒருவேளை அவங்க ஏதாவது வச்சுட்டா, பட்டும் படாம ஒரு வாய் வச்சுக்க. பையில மாத்திரை இருக்குல்ல?"

"மாத்திரை இருக்கு. ஊசி இருக்கு. ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னும் பாத்து வச்சிருக்கேன். நீங்க ஒரு வாய் மண்ணு சாப்பிடுங்க, நான் பாக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகு எனக்கு அழுகை வந்தது. என் மகள் வாய் திறந்து எதையும் கேட்காத பெண். முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள், அது என் தொண்டையில் வந்து நிற்கிறது.

வீட்டு வாசலில் பெரிய கோலம். பையனின் அம்மா ஓடிவந்து வரவேற்றார். "வாங்க, வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். என் வயதுதான் இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப்போட்டுக் காய்த்துப்போன கை. பேச்சில் ஒரு பகட்டும் இல்லை. பார்த்த நிமிடத்திலேயே பிடித்துவிட்டது. என் மகள் இந்தக் கையில் நன்றாக இருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த பிறகு பயம் இன்னும் கூடியது.

கூடத்தில் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, சிடுசிடுப்பான முகம். அந்தச் சிடுசிடுப்புக்குக் காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"காலையிலேருந்து இந்த வீட்டுல பால் காப்பி கிடையாதுங்க" என்றார் பையனின் அப்பா, பெருமையும் கொஞ்சம் பரிதாபமுமாக. "உங்களுக்குப் பால் ஆகாதுன்னு தம்பி சொன்னான்ல? நேத்திலேருந்து பாலை அடுப்படிக்குள்ளயே விடல. கறந்தது மொத்தமும் சொசைட்டிக்குப் போயிடுச்சு. அண்ணனுக்குக் கூட வரக்காப்பிதான்."

மாடு கட்டிப் பிழைக்கும் வீட்டில், எனக்காகப் பாலையே வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். என் கணவர் என்னைப் பார்த்து வெற்றிப் புன்னகை பூத்தார். நானும் நிம்மதியாக இலை முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் கேசரி வந்தது. முந்திரி மினுமினுத்தது.

"இதுல பால்…" என்று இழுத்தேன்.

"ஒரு சொட்டு கிடையாதுங்க. நெய் மட்டும்தாங்க. நம்ம வீட்டு நெய்" என்றார் பையனின் அம்மா.

அடுத்து வடை வந்தது. தயிரில் ஊறிய வடை. குழம்பு, மோர்க்குழம்பு. பீன்ஸ் பொரியல், நெய்யில் தாளித்தது. ரசமும் அப்படியே. பருப்பில் அவர் அப்போதுதான் நெய்யை ஊற்றிக் கலந்திருந்தார். கடைசியில் ஒரு பெரிய டம்ளர் நிறைய, கறிவேப்பிலை மிதக்கும் மோர்.

"காப்பிக்குப் பதிலாங்க" என்றார் அந்த அம்மா. "குளிர்ச்சி."

பாலை ஒளித்துவைத்த கையோடு, பாலிலிருந்து வந்த எல்லாவற்றையும் என் இலையில் அடுக்கிவிட்டார்! சாதம், அப்பளம், ஊறுகாய். என்னால் தொட முடிந்தது இவ்வளவுதான். என் கணவர் முழங்கையால் என்னை இடித்தார். "அப்பளத்த நொறுக்கிப் போட்டுச் சாப்பிடு" என்று முணுமுணுத்தார். ஆனால் எதிரே பெரியப்பாவின் கண் என் இலையை விட்டு நகரவில்லை. விருந்து வைத்த இலையில் அப்பளத்தை மட்டும் கடித்துவிட்டு எழுந்தால், அதற்குப் பெயர் சாப்பாடு இல்லை, கண்துடைப்பு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏம்மா, கை வைக்கலையே?" என்றார் அவர். குரலில் மரியாதை இருந்தது, சூடும் இருந்தது. "ஐயா சாப்பிடறாரு, நீங்க சாப்பிடல. பாதி சம்மதம்னு எடுத்துக்கறதா?"

கையில் நெய்க்கிண்ணத்தோடு நின்ற அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என்ன தவறு நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தவறு நடந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. எத்தனையோ விசேஷ வீடுகளில் அந்தக் கோபத்தோடு இலையை விட்டு எழுந்து போயிருக்கிறேன், திமிர் பிடித்தவள் என்ற பெயரோடு. அன்றைக்கும் எழுந்தேன். என் கணவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பெரியப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

"ஐயா, இந்த வீட்டுல வயிறாரச் சாப்பிடாம நான் போறதா இல்ல" என்றேன். "கொஞ்சம் நேரம் கொடுங்க. அடுப்படி எந்தப் பக்கம்?"

பதில் வருவதற்கு முன்பே அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் பெண்ணைப் பெற்றவள் அடுப்படிக்குள் நுழைவது எந்த முறையிலும் சேர்த்தியில்லை. சாப்பிடாமல் போவதைவிட அது மேல் என்று தோன்றியது.

அடுப்படியில் நின்று என் பாட்டைச் சொன்னேன். இந்தமுறை வேகமாக இல்லை, ஒவ்வொன்றாக. நெய்யும் அதே பாலிலிருந்து வந்தது என்பதால் என் உடம்பு அதை விடாது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்த அவர், நெய்க்கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பாத்துப் பாத்துதானங்க செஞ்சேன். உங்களுக்கு விஷத்தை வச்சிருக்கேனே."

"நீங்க அழாதீங்க" என்றேன். என் குரலும் உடைந்துவிட்டது. "எங்க போனாலும் எனக்கு ஒதுக்கி வைப்பாங்க, இல்ல திட்டுவாங்க. எனக்காகப் பாலை வெளியில நிறுத்தின ஒரே வீடு இதுதான்."

அது உபசாரத்துக்குச் சொன்னது இல்லை. அத்தனை வருடம் அத்தனை ஊர் சுற்றியும் யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பிறகு வேலையில் இறங்கினோம். குக்கரில் நெய் சேர்க்காத வெந்த பருப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதிலிருந்து தக்காளி ரசம். கொல்லையில் தொங்கிய வாழைத்தாரிலிருந்து அவர் இரண்டு காயை அரிந்துகொண்டு வந்தார். அவர் சீவ, நான் நல்லெண்ணெயில் வறுத்தேன். கரண்டி, வாணலி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வெந்நீரில் அலசினோம்.

"மிக்ஸியில தயிர் அடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, நான் மத்துலதான் கடைவேன்." இப்போது அவரே உஷாராகிவிட்டார். மிக்ஸி ஜாரையும் இன்னொருமுறை கழுவினார்.

தேங்காய்த் துவையல் அரைத்தோம். பாசிப்பருப்பை வறுத்து வேகவைத்து வெல்லம் போட்டேன். பாயசம் இல்லாமல் என்ன நல்ல காரியம்? மிச்சமிருந்த தேங்காய் மூடியைத் துருவிப் பால் எடுக்கலாம் என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயையோ, தேங்காப் பாலா? அதுவும் பாலாச்சேங்க!"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. நெய்யையும் தயிரையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவர், எனக்கு ஆகக்கூடிய ஒரே பாலைப் பார்த்துப் பயப்படுகிறார். "இது ஆகும்ங்க, இதுக்குக் கொம்பும் இல்ல, வாலும் இல்ல" என்றேன். அதற்குள் கொல்லையில் மாடு வேறு கத்தியது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு இரண்டு பேரும் பாயசத்தைக் கிளறினோம். தேங்காயைச் சின்னச் சின்னப் பல்லாக நறுக்கி, தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து அதில் போட்டார். அந்த யோசனை அவருடையது.

நாங்கள் பாத்திரங்களோடு கூடத்துக்கு வந்தபோது பெரியப்பா இன்னும் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருந்தார். என் கணவர் பாதி இலையோடு, கை காய்ந்துபோய் விழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புது இலை போட்டார்கள், பெரியப்பாவும் எதிரே ஓர் இலை முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாவே பரிமாறினார். நான் சாதத்தைப் பிசைந்து, ரசம் ஊற்றி, முதல் வாய் எடுத்து வைத்தேன். சூடாக, மிளகு காரமாக, தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது. பயப்படாமல் விருந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். வாழைக்காய் மொறுமொறுவென்று இருந்தது. இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கினேன்.

பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இலையைக் காட்டி, "அந்த ரசத்தை இங்கயும் ஊத்து" என்றார். பாயசத்தைக் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார். "பால் விடாமயா இது? நல்லாத்தான்டா இருக்கு." அதுவரை அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு மீசைக்குள் தெரிந்தது. "தை முடியறதுக்குள்ள நிச்சயத்த வச்சுக்கலாம்" என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா பாயசக் கரண்டியோடு என் முன்னால் குனிந்தார். "சம்பந்தியம்மா, இன்னும் கொஞ்சம்?"

அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அந்தச் சொல்லை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டம்ளரை நீட்டினேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மகள்தான்.

"அம்மா, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" முதல் கேள்வி அதுதான். அடுத்ததைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ரெண்டு தடவை சாதம். ரெண்டு டம்ளர் பாயசம்" என்றேன்.

அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் துண்டோடு நின்றிருந்த சம்பந்தியம்மா, "இங்க குடுங்க" என்று போனை வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா கண்ணு, நீ அவன்கிட்ட பால்னு ஒத்தை வார்த்தை சொன்னா பத்துமா? பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், கோவா, எதுவும் அம்மாவுக்கு ஆகாது. கல்யாணப் பந்தியில அம்மா இலைக்கு நான்தான் நிப்பேன். எவனாவது நெய்க்கிண்ணத்தோட கிட்ட வரட்டும், பாத்துக்கறேன்."

என் பாட்டு முழுவதும், ஒரு சொல் கூட விடாமல்.